ரசீதில் தெரியாத வரி

சென்ற மாதம், "வரி பற்றி எதையும் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஏழு, கஞ்சாக் கடையில் கட்டுகிற வரியைப் பற்றியவை. அந்த ஏழில் ஐந்தில் பெயர் இல்லை. பெயர் போடாதது எனக்குக் குறை இல்லை. ஆனால் 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் இது சட்டப்படி விற்கிற பொருள். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம். சட்டப்படி வாங்குகிற பொருளுக்கு எவ்வளவு வரி போகிறது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாவிப்பது உடம்புக்கு நல்லதா கூடாதா என்பதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நான் கணக்கு எழுதுகிறவள், கணக்கைத்தான் சொல்லலாம்.

ஸ்காபரோவில் இருபத்தொரு வருடமாகச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பலசரக்குக் கடை, சலூன், சாப்பாட்டுக் கடை, நகைக் கடை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கஞ்சாக் கடை உரிமையாளர் வந்து கேட்டபோது ஏற்கலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். ஏற்றது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பதில் பாதி எனக்கும் தெரிந்திராது.

மகனுக்கு 20 வயது. உடுப்புத் தோய்க்கப் போட்டபோது ஜீன்ஸ் பொக்கற்றில் ஒரு கஞ்சாக் கடை பில் இருந்தது. சாமான் 25 டொலர், எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) 3.25, மொத்தம் 28.25 என்று இருக்கிறது. அவனிடம் இன்னும் கேட்கவில்லை. இது அரசாங்கத்துக்கு வரி கட்டுகிற கடைதானா, களவுக் கடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு தாய், ஏஜக்ஸ்

அம்மா, பில்லைத் திருப்பி வைப்பதற்கு முன் அதன் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் பாருங்கள். எச்.எஸ்.ரி. இலக்கம் என்று ஒன்பது இலக்கமும், அதன் பின்னால் ஆர்.ரி. என்ற எழுத்துகளும், 0001 போன்ற நான்கு இலக்கமும் இருக்கும். 100 டொலருக்கு மேற்பட்ட விற்பனை என்றால் வியாபாரத்துக்காக வாங்குபவர் வரியைத் திரும்பக் கேட்க அந்த இலக்கம் கட்டாயம் வேண்டும். ஒழுங்கான கடைகள் 5 டொலர் பில்லிலும் அடித்துவிடுவார்கள். அந்த இலக்கம் உண்மையானதா என்று மத்திய வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் கடையின் பெயரையும் திகதியையும் கொடுத்து நீங்களே சரிபார்க்கலாம். வரி என்று காசை வாங்கி, இலக்கம் இல்லாமல் பில் தருகிற கடை என்றால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பில்லைவிட நல்ல சாட்சி பெட்டி. வெற்றுப் பெட்டி அவனுடைய அறையில் கிடந்தால் மூடியைப் பாருங்கள். மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில், திறந்தால் கிழியும்படி, ஒரு தபால் முத்திரையைவிடச் சற்றே நீளமான முத்திரை ஒட்டியிருக்கும். அதில் "டியூட்டி பெய்ட் கனடா" என்று ஆங்கிலத்திலும் அதே பொருளில் பிரெஞ்சிலும் அடித்திருக்கும், எந்த மாகாணத்துக்கு உரியது என்றும் இருக்கும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் நிறம் வேறு. ஊரில் சாராயப் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் அடையாளம் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. வேலையும் ஒன்றுதான்: உற்பத்தியாளர் எக்சைஸ் வரிக்கு, அதாவது உற்பத்தி செய்கிற இடத்திலேயே விழுகிற வரிக்கு, பொறுப்பேற்றுவிட்டார் என்பதற்கு அத்தாட்சி. எக்சைஸ் வரி விழுகிற பொருளை இந்த முத்திரை இல்லாமல் இங்கே எந்த அனுமதி பெற்ற கடையும் விற்க முடியாது. கடை வாசலில் ஒன்ராறியோ அனுமதி பெற்ற கடை என்ற அரச அடையாளமும் ஒட்டியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் "வரி 3.25 தானே" என்றும் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். இல்லையம்மா. அது கண்ணுக்குத் தெரிகிற வரி. அந்த 25 டொலருக்கு உள்ளேயே இன்னொரு வரி இருக்கிறது. அடுத்த கேள்விக்குப் பதிலாக அதைச் சொல்கிறேன்.

மகனிடம் பில்லைக் காட்டிச் சண்டை பிடிக்காமல் கதையுங்கள். முத்திரை இருந்தால், களவுக் கடையில் வாங்காமல் அனுமதி பெற்ற கடையில் வாங்கியிருக்கிறான் என்பதையாவது கணக்கில் எடுங்கள்.

மாதத்துக்கு ஒரு 28 கிராம் பை வாங்குகிறேன். கடையில் 99 டொலர், கையில் இருந்து போவது 111.87. 12.87 தான் வரி என்று நினைத்திருந்தேன். வேலை செய்யுமிடத்தில் ஒருவர், "நீ கட்டுவதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வரி" என்கிறார். மிகைப்படுத்துகிறாரா?
— ஸ்காபரோ வாசகர், 34 வயது

தம்பி, அவர் மிகைப்படுத்தவில்லை. நானே கடையின் கணக்கை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

பொருள் வருகிற வழியைச் சொன்னால் விளங்கும். வளர்ப்பவர், அதாவது உரிமம் பெற்ற உற்பத்தியாளர், பொதி செய்து முத்திரை ஒட்டி அனுப்புகிறார். அந்த இடத்திலேயே எக்சைஸ் வரி விழுந்துவிடுகிறது. ஒன்ராறியோவில் எல்லாக் கடைகளும் ஒரே மொத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும்: ஓ.சி.எஸ். என்று சொல்கிற மாகாண அரசின் நிறுவனம். அது தன் இலாபத்தை ஏற்றுகிறது. அந்த இலாபமும் மாகாண அரசுக்கே போகிறது. அதை வரி என்று யாரும் சொல்வதில்லை, நானும் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு கடைக்காரர் தன் இலாபத்தை வைக்கிறார். இத்தனையும் சேர்ந்த விலைக்கு மேல் 13 வீதம் எச்.எஸ்.ரி.

உலர்ந்த பூவுக்கு எக்சைஸ் வரி கிராமுக்கு 1 டொலர், அல்லது உற்பத்தியாளர் விற்கிற விலையில் 10 வீதம், இரண்டில் எது கூடவோ அது. உங்கள் பைக்கு 28 கிராம், எனவே 28 டொலர். இதில் 7 டொலர் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுக்கு, 21 டொலர் ஒன்ராறியோவுக்கு. 28 உடன் எச்.எஸ்.ரி. 12.87ஐக் கூட்டுங்கள்: 40.87. நீங்கள் கொடுக்கிற 111.87 இல் நூற்றுக்கு 36 க்கு மேல். ஒன்ராறியோவுக்கென்று உற்பத்தியாளர் விலையில் 3.9 வீதம் மேலதிகமும் எக்சைஸோடு சேர்கிறது. அதை நான் இந்தக் கூட்டலில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எச்.எஸ்.ரி. விழுவது 99 டொலருக்கு. அந்த 99 இல் 28 டொலர் ஏற்கனவே வரி. அந்த 28 க்கும் 13 வீதம் கட்டுகிறீர்கள், 3 டொலர் 64 சதம். வரிக்கு வரி. சட்டப்படி சரி, பெற்றோலுக்கும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் பில்லில் ஒரு எழுத்தும் இதைச் சொல்லாது. (காசாகக் கொடுத்தால் ஒரு சத நாணயம் இப்போது இல்லாததால் 111.85 க்கு இறக்கி எடுப்பார்கள். அந்த 2 சதம் உங்களுக்கு.)

இந்த வரி எப்படி இவ்வளவு கனமானது? 2017 இல் பில் மோர்னோ நிதியமைச்சராக இருந்தபோது இந்தக் கணக்கை முன்வைத்தார்கள். கிராம் 10 டொலர் அளவில் விற்கும் என்ற எண்ணத்தில், கிராமுக்கு 1 டொலர் என்றால் 10 வீதம். அன்றைக்கு அது நியாயமாய்ப் பட்டது. அந்த வருட டிசம்பரில் மாகாணங்களோடு பேசி, 75 வீதம் மாகாணங்களுக்கு, 25 வீதம் மத்திக்கு என்று பங்கிட்டார்கள். பிறகு விலை விழுந்தது. வரி விழவில்லை. உங்கள் பையில் ஒரு கிராம் 3 டொலர் 54 சதம். அதில் 1 டொலர் எக்சைஸ். 10 வீதம் என்று நினைத்தது 28 வீதமாகிவிட்டது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நான் கணக்கு எழுதுகிற கடையில் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் 3.5 கிராம் 45 டொலர் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு எக்சைஸ் 3 டொலர் 50 சதம், விலையில் 8 வீதமும் இல்லை. ஏஜக்ஸ் தாயின் மகன்மாதிரிப் பெடியன் வாங்குகிற 25 டொலர்ப் பெட்டிக்கும் அதே 3.50, அது 14 வீதம். கீழ்த்தட்டில் உள்ள உங்கள் 99 டொலர்ப் பைக்கு 28 வீதம். விலை கூடியதை வாங்குகிறவர் குறைந்த வீதம், மலிவானதைத் தேடி வாங்குகிறவர் கூடிய வீதம். கிராமுக்கு இவ்வளவு என்று வரி வைத்தால் இப்படித்தான் முடியும். சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழு 2024 மார்ச்சில் தன் அறிக்கையைக் கொடுத்தபோது எக்சைஸ் முறையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. கிராம் கணக்கை விட்டுவிட்டு விலையில் 10 வீதம் மட்டும் என்று வைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுவதானால் "வரியைக் குறை" என்று பொதுவாக எழுதாதீர்கள். மேலே உள்ள 99 டொலர்க் கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

அக்கா மொன்றியலில், மச்சான் கல்கரியில். அக்காவுக்குத் தட்டில் போட்ட விலைதான் கடைசி விலை. மச்சானுக்கு 5 வீதம் மட்டும். எங்களுக்கு மட்டும் ஏன் 13?
— பிரம்ரன் வாசகி

அக்காவும் வரி கட்டுகிறார். கியூபெக்கில் அரசின் கடைகள்தான் விற்கின்றன, அங்கே தட்டில் போடுகிற விலையிலேயே வரி அடக்கம். மத்தியின் 5 வீதமும் மாகாணத்தின் 9.975 வீதமும் அதற்குள் இருக்கின்றன. எங்களைவிடக் கூட! அங்கே வாங்கக்கூடிய வயதும் 2020 ஜனவரி முதல் 21.

மச்சானுடைய கதை வேறு. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. அதற்காக மாகாணம் சும்மா விடவில்லை. பில்லில் எடுக்காததை எக்சைஸுக்குள் மேலதிகமாக எடுத்தது. 2018 இல் தொடங்கியபோது அது 16.8 வீதம். எங்களுக்கு 3.9. ஆகவே அவருடைய பில் மெலிந்திருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். அவருக்கு உள்ளே, எங்களுக்கு வெளியே.

பூவை விட்டு ஜெலி இனிப்புக்கு மாறினால் வரி குறையுமா? வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும் கிரெடிட் கார்ட்டுக்கும் வேறு காசு எடுக்கிறார்களே?
— பெயர் வேண்டாம்

எக்சைஸ் குறையும். தின்கிற பொருட்களுக்கும் எண்ணெய்க்கும் கிராம் கணக்கு இல்லை, அதில் உள்ள ரி.எச்.சி. (போதை தருகிற பொருள்) மில்லிகிராமுக்கு 1 சதம். தின்கிற பொருள் என்றால் ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆகவே எக்சைஸ் 10 சதம். 6 டொலர்ப் பொதி என்றால் எச்.எஸ்.ரி. 78 சதம். இங்கே தெரிகிற வரிதான் பெரிது. ஆனால் வரியைப் பார்த்து இனிப்புக்கு மாறாதீர்கள். தின்றது வேலை செய்ய இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கும். "ஒன்றும் ஏறவில்லையே" என்று இரண்டாவதைத் தின்றுவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

கொண்டுவந்து தருகிற கூலி கடைக்காரர் வைக்கிறது, அதற்கும் 13 வீதம் விழும். கிரெடிட் கார்ட்டுக்கு மேலதிகம் எடுக்க 2022 ஒக்டோபர் முதல் எல்லா வகைக் கடைகளுக்கும் அனுமதி உண்டு, 2.4 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, முன்கூட்டியே அறிவித்திருக்கவும் வேண்டும். டெபிட் கார்ட்டை நீட்டுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது, புரொஸ்ரேற் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. வைத்தியர் எழுதிக் கொடுத்து, இரவில் கஞ்சா எண்ணெய் எடுக்கிறார். அதற்குப் பிறகுதான் நித்திரை கொள்கிறார். மாதத்துக்கு இரண்டு போத்தல், 180 டொலர். நான்தான் கட்டுகிறேன். மருந்துக்கு எச்.எஸ்.ரி. இல்லையே, இதற்கு மட்டும் ஏன் எடுக்கிறார்கள்? திரும்ப எடுக்க வழி உண்டா?
— ஒரு மகன், ஸ்காபரோ

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் மாமியும் இதே வருத்தத்தின் கடைசி மாதங்களில் இதே எண்ணெயைத்தான் எடுத்தார். அதனால் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எடுக்கிறார்கள் என்றால்: மருந்துக்கடையில் வைத்தியர் எழுதித் தருகிற மருந்துகளுக்கு டி.ஐ.என். என்ற இலக்கம் உண்டு. அவற்றுக்கு எச்.எஸ்.ரி. இல்லை. அப்பாவின் எண்ணெய்க்கு வைத்தியரின் பத்திரம் இருந்தும் அந்த இலக்கம் இல்லை. ஆகவே அது சட்டத்தின் கண்ணில் மருந்து அல்ல, கஞ்சாப் பொருள். எக்சைஸும் விழும், எச்.எஸ்.ரி.யும் விழும். ரி.எச்.சி. 0.3 வீதத்துக்கு மேற்படாத, போதை தராத சி.பி.டி. எண்ணெய்க்கு எக்சைஸ் பொதுவாக இல்லை, ஆனால் எச்.எஸ்.ரி. அதற்கும் உண்டு.

அப்பாவின் போத்தலில் 30 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் ரி.எச்.சி. என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 600 மில்லிகிராம், ஒரு போத்தலுக்கு 6 டொலர் எக்சைஸ். வருடம் 24 போத்தலுக்கு 144 டொலர். வருடச் செலவு 2,160 டொலரில் எச்.எஸ்.ரி. ஏறத்தாழ 248 டொலர். நோவுக்கு எண்ணெய் எடுக்கிற ஒரு கிழவரிடம் வருடத்துக்கு 390 டொலருக்கு மேல் வரி. இது அநியாயம் என்பதை நான் எங்கேயும் சொல்வேன். 2001 முதல் இந்த நாட்டில் வைத்தியர் சொல்லிக் கஞ்சா பாவிக்க வழி இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வாங்குகிறவருக்கு வழி திறந்தது பதினேழு வருடம் பிந்தி. பிந்தி வந்தவருக்கென்று செய்த எக்சைஸ் வரியை முந்தி இருந்த நோயாளியின் தலையிலும் வைத்தார்கள்.

இனி, திரும்ப எடுக்கிற வழி. வரியாகத் திரும்பாது. வருமான வரிப் படிவத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். மூன்று நிபந்தனை: அப்பாவிடம் வைத்தியரின் பத்திரம் இருக்க வேண்டும், மருத்துவத் தேவைக்கு விற்க உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அவர் பெயரில் பதிவு இருக்க வேண்டும், அந்த விற்பனையாளரிடம்தான் வாங்கியிருக்க வேண்டும். அது தபாலில்தான் வரும். தெருமுனைக் கடையில் வாங்கியது, அதே எண்ணெய் ஆனாலும், சேராது.

இந்த மூன்றாவது நிபந்தனையில் நான் தவறிவிட்டேன். 2021 இல் மாமிக்குப் பத்திரம் இருந்தது, பதிவும் இருந்தது. ஆனால் தபாலில் வர நாலைந்து நாள் எடுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு போத்தல் முடிந்துவிட்டது. மாமி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, சத்தம் போடாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் அதே உற்பத்தியாளரின் அதே எண்ணெயை வாங்கிவந்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. முடிந்தால் ஓடு, வாங்கு. பில்லுகளை பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டு வைத்தேன். அடுத்த மார்ச்சில் படிவம் நிரப்ப உட்கார்ந்து ரின்னைத் திறந்தால் தபாலில் வந்தது நாலு பில், கடை பில் பதினொன்று. அந்தப் பதினொன்றையும் ஒரு பக்கமாக எடுத்து வைத்தேன். மற்றவர்களுக்கு நாள் முழுக்க இதைச் சொல்லிக் கொடுக்கிறவள், என் வீட்டு மனுசிக்கு முதலே யோசித்து ஒரு போத்தல் கூடுதலாக அழைப்பித்து வைத்திருக்கலாம். அந்த ரின் இன்னும் இருக்கிறது.

ஆகவே தம்பி, எப்போதும் ஒரு போத்தல் முன்னால் இருக்கும்படி அழைப்பியுங்கள். வைத்தியரின் பத்திரம் ஆகக்கூடியது ஒரு வருடம்தான் செல்லும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள்.

அடுத்தது, யாருடைய படிவத்தில் காட்டுவது என்பது. இதில்தான் பலர் விடுகிறார்கள். அப்பாவுக்கு முதியோர் பென்சனும் சேர்த்து வருடத்துக்கு 24,000 டொலர் வருமானம் என்கிறீர்கள். அவருடைய வயதுக்குரிய கழிவுகளுக்குப் பிறகு அவர் கட்டவேண்டிய மத்திய வரி ஒன்றுமே வராது. மருத்துவச் செலவுக் கழிவு, கட்டவேண்டிய வரியைத்தான் குறைக்கும். வரி இல்லாதவருக்குக் கையில் காசு தராது. அவர் படிவத்தில் காட்டினால் வீண். அப்பா உங்களோடு இருக்கிறார், நீங்கள்தான் பார்க்கிறீர்கள், நீங்கள்தான் கட்டுகிறீர்கள். எனவே உங்கள் படிவத்தில் 33199 என்ற இலக்கமுள்ள இடத்தில், உங்களை நம்பி இருக்கிறவருக்கான செலவாகக் காட்டுங்கள்.

2024 ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். செலவில் முதலில் ஒரு தொகையைத் தள்ள வேண்டும்: அப்பாவின் நிகர வருமானத்தில் 3 வீதம், அல்லது 2,759 டொலர், எது குறைவோ அது. 24,000 இல் 3 வீதம் 720. உங்களுடைய வருமானத்தில் 3 வீதம் அல்ல, அவருடையதில்! அதனால்தான் இந்த இடம் உங்களுக்கு வாய்ப்பானது. 2,160 இல் 720ஐத் தள்ள 1,440. அதில் மத்தியின் 15 வீதம் 216 டொலர். ஒன்ராறியோவின் 5.05 வீதத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 289. கட்டிய எச்.எஸ்.ரி. அளவுக்கு ஒரு தொகை வருகிறது என்று வையுங்கள். அப்பாவின் பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீங்கள் கட்டியதாக இருந்தால் எல்லாவற்றையும் இதே இடத்தில் சேருங்கள்; 720ஐ ஒரு தரம்தான் தள்ள வேண்டும், மிச்சம் முழுக்கக் கணக்கில் வரும்.

செலவு ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை என்று இருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுக்குள் முடிகிற எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் எடுக்கலாம். சென்ற மே மாதம் தொடங்கினீர்கள் என்றால் மே தொடக்கம் அடுத்த ஏப்ரல் வரை ஒரே கணக்காக, அடுத்த ஆண்டுப் படிவத்தில் காட்டலாம். பில்லுகளை ஆறு வருடம் வைத்திருங்கள்.

மாலை நேரத்தில் என் அலுவலகத்துக்குப் பில்லுகளைக் கொண்டுவாருங்கள். இந்த வேலைக்கு உங்களிடம் காசு எடுக்கமாட்டேன்.

கடுகதிப் பாதையில் கொஞ்ச நேரத்தில் அமெரிக்காவின் பவலோ. நியூயோர்க்கில் வரி குறைவாமே, அங்கே வாங்கிவந்தால் என்ன?
— நயாகரா பக்கத்து வாசகர்

வேண்டாம். நியூயோர்க்கிலும் சில்லறையில் மாநிலத்துக்கு 9 வீதம், உள்ளூருக்கு 4 வீதம், கூட்டினால் அதே 13. அதற்கு முன்பே விநியோகத்தரிடமும் 9 வீதம் எடுத்துவிடுகிறார்கள். அதைவிட, எந்தப் பக்கமிருந்தும் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவது குற்றம். இரண்டு பக்கமும் சட்டப்படி விற்றாலும், வைத்தியரின் பத்திரம் கையில் இருந்தாலும் குற்றம்தான். நிரந்தர வதிவிட அட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் இதில் விளையாடவே வேண்டாம். ஊருக்குப் போகும்போது பயணப்பெட்டியையும் மேற்சட்டைப் பொக்கற்றையும் தட்டிப் பாருங்கள்.

புருசன் போனபின் தனியாக இருக்கிறேன். பின்வளவில் மிளகாய், கத்தரி, முருங்கை வைக்கிறேன். மூட்டு நோவுக்கு இரண்டு கஞ்சாச் செடி வைத்தால் வரி கட்ட வேண்டுமா? கூடக் காய்த்தால் பக்கத்து வீட்டுக்கு விற்கலாமா?
— 71 வயது அம்மா, ஏற்றோபிக்கோ

அம்மா, ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. நிலவறையில் வாடகைக்கு ஆட்கள் இருந்து அவர்கள் ஏற்கனவே வைத்திருந்தால் அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

விளைந்ததற்கு வரி இல்லை. விதைக்கு உண்டு: முளைக்கக்கூடிய விதை ஒன்றுக்கு 1 டொலர் எக்சைஸ், அதற்கு மேல் எச்.எஸ்.ரி. நாலு விதைப் பொதி வாங்கினால் 4 டொலர் உள்ளே இருக்கிறது. உரம், மண், விளக்கு வாங்கிய செலவை மருத்துவச் செலவாகக் காட்ட முடியாது. விதையையாவது காட்ட வேண்டும் என்றால் மேலே மகனுக்குச் சொன்ன அதே வழிதான்: வைத்தியரின் பத்திரம், பதிவு, உரிமம் பெற்ற விற்பனையாளர்.

பக்கத்து வீட்டுக்கு விற்க முடியாது, 5 டொலருக்கும் முடியாது. 19 வயது நிரம்பியவருக்கு 30 கிராம் உலர்ந்த பூ வரை சும்மா கொடுக்கலாம், கத்தரிக்காய் கொடுக்கிற மாதிரி. வேறு குளிசைகள் எடுக்கிறீர்கள் என்றால், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை, செடி வைப்பதற்கு முன்னமே உங்கள் மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளியில் வைப்பதென்றால் மே மாதக் கடைசி நீண்ட வார இறுதி கழியட்டும். அதற்கு முன் வைத்தால் உங்கள் மிளகாய்க் கன்றுகளோடு சேர்த்து அதையும் பனி தின்றுவிடும்.